ஜாஃபர், நீ போட்ட கேம்

ஜாஃபர் செத்துப்போன செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது.

முதல் செய்தி நம் பழைய கார்க் கூட்டத்தில் இருக்கும் உங்களுக்கும் வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, மயிலாப்பூரில் என் வீட்டு கேட்டருகே தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். அசோக் நகரிலிருந்து அவன் எங்கள் கார் பச்சைக்கிளியை ஓட்டிக்கொண்டு வருவான். தெருமுனை திரும்பும்போதே ஹாரன் அடிப்பான். மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்துத் திட்டுவார். அன்றைக்கு ஹாரன் வரவில்லை, போன் வந்தது. அவன் மகன். "அங்கிள், அப்பா தூக்கத்துலயே..." என்றான். தொப்பியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஆட்டோ பிடித்துப் போனேன். மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். நான் எப்படி அழுதேன் என்று பார்த்தீர்கள்.

இரண்டாவது செய்தி மந்தைவெளியில், நம் மெக்கானிக் சேகரின் ஷெட்டில் வந்தது. அது எனக்கு மட்டும்தான் செய்தி, உங்களுக்கெல்லாம் பழைய கதை. அன்றைக்கு நான் அழவில்லை. கோபம் வந்தது. இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை அது போகவில்லை.

"நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிஞ்சு வர ஞாயித்துக்கிழமை மெஸ்ஸுல கூடறோம். நாலு நல்ல வார்த்தை எழுதிக்கிட்டு வாங்க சர்வேயர் சார். உங்களைவிட அவரைத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டீர்கள். எவ்வளவு துணிச்சல் பாருங்கள் உங்களுக்கு! நல்ல வார்த்தை வரும், கவலைப்படாதீர்கள். ஆனால் கேட்டவர்கள் அத்தனை பேரும் கூட்டுக் களவாணிகள் என்பதால், எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்பதை நான்தான் முடிவு செய்வேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது என் உத்தியோகம். மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர் என்பவன் என்ன செய்வான் என்று உங்களுக்குத் தெரியும். வண்டி இடிபட்டால் போய்ப் பார்ப்பான். எது நிஜமாக உடைந்தது, எதை 'உடைந்தது' என்று கதை விடுகிறார்கள் என்று பிரித்துச் சொல்வான். அதற்கு நான் கடைப்பிடித்த வழி ஒன்றே ஒன்று. புது சாமான் போட்டேன் என்று யாராவது சொன்னால், "கழட்டின பழசைக் கொண்டா" என்பேன். பழசு வந்தால் நம்புவேன், வராவிட்டால் நம்ப மாட்டேன். வேலையில் இருந்த காலம் பூராவும் என்னை ஒருத்தனும் ஏமாற்றியதில்லை என்று நானே மார்தட்டியிருக்கிறேன். இந்த மெஸ்ஸிலேயே தட்டியிருக்கிறேன். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இட்லி சாப்பிட்டீர்கள்.

ஜாஃபர் அப்போது தி. நகரில் தையல் சாமான் கடை வைத்திருந்தான். பட்டன், ஜிப், லைனிங் துணி. கடை வேனை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் பார்க்கப் போனேன். பழைய பம்பர் எங்கே என்று கேட்டேன். மற்றவர்கள் என்றால் இதற்கே சண்டைக்கு வருவார்கள். இவன், "சரி சார்" என்று உள்ளே போனான். நசுங்கிப்போன பம்பரை மெரூன் கலர் லைனிங் துணியில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான், குழந்தையைத் தருகிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ வரவழைத்தான். சோழவரத்தில் கார் ரேஸ் நடந்த காலத்தில் சைக்கிளிலேயே போய்ப் பார்த்த கதையைச் சொன்னான். எழுந்திருக்க மனம் வராமல் மூன்று டீ குடித்தேன். அவன் என்னிடம் சொன்ன முதல் 'சரி' அதுதான். அதுவாவது நிஜமான 'சரி' என்று நினைக்கிறேன். பம்பரைக் கண்ணால் பார்த்தேனே!

பிறகு பச்சைக்கிளி வந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் இருக்கும் அந்தக் காலத்துச் சின்ன கார். கிளிப் பச்சை நிறம், ஓடிக் களைத்த இன்ஜின். மீட்டர் எத்தனை சுற்றுச் சுற்றி வந்ததென்று விற்றவருக்கே தெரியாது. ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். அவன் வீட்டில் போர்ட்டிகோ இருந்ததால் வண்டி அங்கே நின்றது. என் வீட்டில் ஆர்.சி. புத்தகம் இருந்தது. ஞாயிறு காலை ஓட்டுவது, மற்ற நாளெல்லாம் அதைப் பற்றிப் போனில் பேசுவது. என் மனைவி, "ரெண்டு பேருக்கும் இது ரெண்டாம் கல்யாணம்" என்பாள்.

வாங்கிக் கொஞ்ச நாளில் இன்ஜின் டிக் டிக் என்று தட்ட ஆரம்பித்தது. சேகர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டாப்பெட் போச்சு சார். டாப்பெட் மட்டும் இல்ல, கேமும் தேஞ்சி கீது" என்றான். நம் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கேம் ஷாஃப்ட் என்பது இன்ஜினுக்குள் சுற்றுகிற ஒரு நீளத் தண்டு, மேலே வரிசையாக முட்டை வடிவ மேடுகள். ஒவ்வொரு மேட்டின்மேலும் ஒரு டாப்பெட் உட்கார்ந்து ஏறி இறங்கும். அது ஏறினால் வால்வு திறக்கும், இறங்கினால் மூடும். மேடு எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்துத்தான் இன்ஜின் சாதுவா, முரடா என்பது. இரண்டும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து பழகியவை. ஆகவே புதுக் கேம் போட்டால் டாப்பெட்டும் புதிதாகத்தான் போட வேண்டும். பழைய டாப்பெட்டைப் புதுக் கேமின் மேல் உட்கார வைத்தால் அது கேமைத் தின்றுவிடும். பழசையே திரும்பப் போடுவதென்றால், எது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அது அதே குழிக்குப் போக வேண்டும்.

எந்தக் கேம் போடுவது என்பதில்தான் வந்தது சண்டை. சண்டை என்று நான்தான் சொல்கிறேன், பேசியது நான் மட்டும்தான். ஜாஃபருக்கு ரேஸ் கேம்மேல் ஆசை. மேடு உயரமாக இருக்கும், வால்வு அதிகம் திறக்கும், வண்டி பறக்கும். "கொஞ்சம் தூக்கலாப் போட்டுக்கலாம்டா. வயசான காலத்துல அதுவும் ஒரு தடவ பறக்கட்டுமே" என்றான். நான் விடவில்லை. தேய்ந்துபோன கிழட்டு இன்ஜின் அது, அமுக்கம் ஏற்கெனவே குறைவு. உயரமான கேம் போட்டால் மெதுவாகப் போகும்போது இழுவை போய்விடும். சிக்னலில் நிற்கும்போது திக்கித் திணறும். கெட்டியான ஸ்பிரிங் போட வேண்டிவரும், அந்த ஸ்பிரிங்கே கேமை அரைத்துவிடும். தி. நகர் நெரிசலில் ஊர்கிற வண்டிக்கு ரேஸ் கேம் எதற்கு? கம்பெனி கொடுத்த அதே அளவில் புதுக் கேம், புது டாப்பெட் என்று மூச்சு விடாமல் பேசினேன். தேடி அலைந்து அந்தக் கேமை நானே வாங்கிக் கொண்டுவந்தும் வைத்தேன். ஜாஃபர் எல்லாவற்றையும் கேட்டான். தலையாட்டினான். "சரிடா, உன் பேச்சுதான்" என்றான்.

அந்தச் 'சரிடா, உன் பேச்சுதான்' உங்கள் எல்லாருக்கும் தெரிந்த வாசகம். எங்கே சாப்பிடுவது, எந்த ரோட்டில் போவது, மகன் எந்தக் கோர்ஸ் படிப்பது, எதைக் கேட்டாலும் அதே பதில். கண்ணில் ஒரு துளி மறுப்பு இருக்காது. இவ்வளவு தங்கமான மனுஷன் சிநேகிதனாகக் கிடைத்தது பூர்வ ஜென்மப் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஜினை இறக்குகிற வாரம் பார்த்து, என் மகளுக்குப் பிரசவம் என்று கோயம்புத்தூர் போக வேண்டியதாயிற்று. "நீ போடா, நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேன்" என்றான். புதுக் கேம் போட்டு முதன்முதலாக இன்ஜினைக் கிளப்பும்போது சும்மா ஓட விடக்கூடாது. எடுத்த எடுப்பிலேயே வேகத்தைக் கூட்டி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துவைக்க வேண்டும். கேமும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகுவதே அந்தச் சில நிமிஷங்களில்தான். அந்த நேரத்தில் ஜாஃபர் போன் செய்தான். "கேளுடா, உன் கேம் பாடுது!" என்று போனை இன்ஜின் பக்கம் நீட்டினான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்று கேட்டேன். பேத்தி பிறந்த அன்றே அதையும் கேட்டதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'உன் கேம்' என்றான். வாய் கூசாமல் சொன்னான்.

திரும்பி வந்து நேரே ஷெட்டுக்குப் போனேன். "கழட்டினது எங்கே?" என்றேன். சேகர் ஒரு டிரேயைக் கொண்டுவந்தான். தேய்ந்த பழைய கேம். பக்கத்தில் எட்டு பழைய டாப்பெட், கழற்றிய வரிசை மாறாமல். ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அடியில் குழி குழியாக இருந்தது. பழசு வந்துவிட்டது, ஆகவே புதுசு போய்விட்டது. எனக்குத் திருப்தி. ஜாஃபர் கைகட்டிக்கொண்டு நின்றான். "சர்வேயரு பாஸ் பண்ணிட்டாருடா சேகரு" என்றான். வெளியே வந்ததைத்தான் நான் பார்த்தேன். உள்ளே போனது எது என்று பார்க்கவில்லை. அவனுக்கு என் வழி தெரியும். பம்பர் காலத்திலிருந்து தெரியும்.

அதற்கப்புறம் பச்சைக்கிளி ஓடிய ஓட்டம்! அடையாறு பாலத்தில் ஒருநாள் இந்தக் காலத்துக் கார் ஒன்றை முந்திக்கொண்டு ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்து நான் தொடையைத் தட்டினேன். "பாத்தியாடா! ரேஸ் கேமாம் ரேஸ் கேம். கம்பெனிக் கேமுக்கே இந்த இழுவை!" என்றேன். ஜாஃபர் ரோட்டைப் பார்த்தபடி, "நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்றான். சிக்னலில் வண்டி லேசாகக் குலுங்குகிறதே என்று கேட்டால், "வயசான இன்ஜின், நின்னுடக் கூடாதுன்னு ஐடில் கொஞ்சம் ஏத்தி வெச்சிருக்கேன்" என்பான். ரேஸ் கேமின் திக்கலை மறைக்கத்தான், நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற வேகத்தை ஏற்றிவைத்தான் என்று இப்போது தெரிகிறது. டாப்பெட் இடைவெளி சரிபார்க்க மேல் மூடியைக் கழற்றுகிற நாளிலெல்லாம் எனக்கு ஏதாவது வேலை வைப்பான். "நீ போய் வடகறி வாங்கிட்டு வாடா, நீ வாங்கினாதான் நல்லா இருக்கு" என்பான். நானும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சைதாப்பேட்டை வரை போயிருக்கிறேன். என்னை என்னவென்று சொல்வது?

உங்களிடம் வருகிறேன். 'பழைய இன்ஜினுக்கு ஏற்ற கேம்' என்று இதே மெஸ்ஸில், இதே மேஜையில், ஒரு ஞாயிறு பூராவும் பேசினேன், ஞாபகம் இருக்கிறதா? மேடு, உயரம், இழுவை என்று நாப்கினில் படம்கூடப் போட்டேன். பச்சைக்கிளியே சாட்சி என்றேன். கைதட்டினீர்கள். புதிதாகச் சேர்ந்த வங்கிக்காரர் ஒருவர் தன் பழைய வண்டிக்கு என்ன போடலாம் என்று பிரத்தியேகமாக வந்து கேட்டார். கம்பெனிக் கேம்தான் என்று அடித்துச் சொன்னேன். அடுத்த மாதம் வந்து, "நீங்க சொன்னபடியே செஞ்சிட்டேன் சார், பறக்குது" என்றார். அவருக்கும் ஜாஃபர் கோயம்புத்தூரிலிருந்து ரேஸ் கேம் வரவழைத்துக் கொடுத்தானாம். வங்கிக்காரரே, நீங்கள் இப்போது ஜன்னல் பக்கம் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அவன் போன மூன்றாவது வாரம் பச்சைக்கிளியை நானே எடுத்துக்கொண்டு மந்தைவெளி போனேன். அவன் இருக்கும்போதே மறுபடியும் டிக் டிக் ஆரம்பித்திருந்தது. "நோன்பு முடியட்டும், பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். சேகர் என்னைப் பார்த்ததும் ஒருமாதிரி ஆனான். "வுட்டுட்டுப் போங்க சார், நான் பாத்துட்டு போன் பண்றேன்" என்றான். "எனக்கு வேற போக்கிடம் இல்ல சேகர். ஞாயித்துக்கிழமையும் இல்ல, ஜாஃபரும் இல்ல. இங்கயே உக்காந்திருக்கேன்" என்றேன். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"உள்ள கீறது உங்க கேம் இல்ல சார்."

"பின்ன யாரோடது?"

"பாய் கேமு."

எனக்குப் புரியவில்லை. மேல் மூடியைத் திறந்து காட்டினான். வால்வு ஸ்பிரிங் ஒவ்வொன்றுக்கும் உள்ளே இன்னொரு ஸ்பிரிங். சாது இன்ஜினுக்கு எதற்கு இரட்டை ஸ்பிரிங்? அதற்கு மேல் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இன்ஜினை இறக்கி, கேமை உருவி என் கையில் வைத்தான். மேடுகள் உயரமாக இருந்தன. ஒரு மேடு மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. கெட்டி ஸ்பிரிங் அரைக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன், அதேதான். நான் கோயம்புத்தூரில் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரம், அந்தக் கேமும் கோயம்புத்தூரில் பஸ் ஏறி சென்னைக்கு வந்திருக்கிறது.

"யார் யாருக்குடா தெரியும்?"

"எல்லார்க்கும் தெரியும் சார்... உங்களத் தவுர." சேகர் தலையைக் குனிந்துகொண்டான். "நான் சொல்லிர்லாம்னுதான் சொன்னேன் சார். பாய்தான், 'சர்வேயரும் சந்தோஷமா இருக்கான், நானும் சந்தோஷமா இருக்கேன், வண்டியும் சந்தோஷமா ஓடுது. நடுவுல நீ ஏன்டா வாயத் தொறக்கறே'ன்னு சிரிச்சாரு."

சிரித்தானாம்! இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் தொடையைத் தட்டத் தட்ட, உள்ளுக்குள் சிரித்திருக்கிறான். ஒரு கேமுக்கா இவ்வளவு கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அன்று சாயங்காலம் அசோக் நகர் போகும்வரை.

நான் வாங்கிய கேம் எங்கே போயிற்று என்று கேட்கத்தான் போனேன். ஜாஃபரின் மனைவி நூரு எனக்கு அண்ணி முறை, பாபி என்றுதான் கூப்பிடுவேன். பாபி உள்ளே போய்ப் பரண்மேலிருந்து ஒரு நீளப் பொட்டலத்தை எடுத்து வந்தார். மெரூன் லைனிங் துணியில் சுற்றியிருந்தது. உள்ளே எண்ணெய்த் தாள், அதற்குள் என் கேம், ஒரு கீறல் இல்லாமல். டாப்பெட்டுகள் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தன. வருஷா வருஷம் எடுத்து எண்ணெய் தடவி வைப்பானாம்.

"ஏன் பாபி? எனக்குப் பிடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன புலியா, கடிச்சா முழுங்கிடுவேன்?"

பாபி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். "அண்ணா, எங்ககிட்ட அவரு சரின்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. புள்ளைங்க எது கேட்டாலும் இல்ல, நான் எது கேட்டாலும் இல்ல. உங்களுக்கு மட்டும்தான் சரி. 'அவன்கிட்ட இல்லன்னு சொன்னா மத்தியானம் வரைக்கும் பேசுவான் நூரு. சரின்னு சொன்னா டீ குடிக்கப் போயிடலாம்'பாரு."

அந்த வாக்கியத்தைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கும் வேறு சமயமாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் பாபி அதைச் சொன்ன அந்த நொடியில் எனக்கு வேறொரு 'சரி' ஞாபகம் வந்தது.

போன மழைக்காலத்துக்கு முன்னால். ஞாயிறு காலை நொச்சிக்குப்பம் பக்கம் வண்டியை ஓரம் கட்டி, ஜாஃபர் வஞ்சிரம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். மீன்கார அம்மா அவனை எப்போதும் வம்புக்கு இழுப்பார், அவனும் சளைக்க மாட்டான். அன்றைக்குப் பாதிப் பேரத்தில் நிறுத்திவிட்டான். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், நெற்றியெல்லாம் வியர்வை. "இன்னா பாய், மூஞ்சே ஒரு மாரி கீது? குந்து, குந்து நைனா" என்று அந்த அம்மா தன் பலகையைத் தள்ளிப்போட்டார். நான் இறங்கி ஓடினேன். ஒன்றுமில்லை என்றான். "ஒண்ணுமில்லையாவது! அடையாறுல எனக்குத் தெரிஞ்ச ஹார்ட் டாக்டர் இருக்கார். நாளைக்கே போய்ப் பாக்கற. இசிஜி எடுக்கற. கேட்டியா?" என்று அங்கேயே சத்தம் போட்டேன். ஜாஃபர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். "சரிடா, உன் பேச்சுதான்" என்றான்.

அடுத்த ஞாயிறு காரில் ஏறியதும் கேட்டேன். போனானாம், பார்த்தாராம், வெறும் கேஸ் ட்ரபிள்தானாம். நான் சும்மா விடுவேனா? ஆதாரம் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினான். இரண்டு மாத்திரை பிரிக்கப்பட்டிருந்தது. சர்வேயர் பார்த்தார், பாஸ் பண்ணினார். ஹாரன் அடித்துக்கொண்டு பெசன்ட் நகர் போனோம்.

கேம் விஷயம் தெரியாமல் இருந்திருந்தால், பாபியிடம் அந்தக் கேள்வியை நான் கேட்டே இருக்க மாட்டேன். "பாபி, மழைக்கு முன்னாடி அடையாறு டாக்டர்கிட்ட போனானே, அப்ப கூட யார் போனது?" என்றேன்.

"எந்த டாக்டர் அண்ணா?" என்றார் பாபி.

மருந்து டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். அந்த மாத்திரை பாபியின் நெஞ்செரிச்சல் மாத்திரை. அவர் மருந்து டப்பாவில் அதே அட்டை இருந்தது. பாவம், அந்தப் பெண்பிள்ளைக்கு நான் விஷயத்தை முழுசாகச் சொல்லவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது? வெளியே வந்து அவன் போர்ட்டிகோவில், வண்டி நிற்கும் இடத்தில், எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'துரோகி' என்று வாய்விட்டே சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவனை நான் திட்டியது அதுதான் முதல்முறை. அதைக் கேட்க அவன் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு இதே வேலை. அவன் சொன்ன ஒவ்வொரு 'சரி'யையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். கடையை மகனிடம் விட்டுவிடு என்றேன், சரி என்றான். விட்டானா? உப்பைக் குறை என்றேன், சரி என்றான். என் எதிரில் குறைத்தான். எது நிஜம், எது டீ குடிக்கப் போவதற்கான 'சரி' என்று எனக்கு எப்படித் தெரியும்? ஊரார் பொய்யையெல்லாம் பிரித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். என் பக்கத்து சீட்டிலிருந்தவன் சொன்னதை மட்டும் பிரிக்கத் தெரியவில்லை. நீங்களும் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய 'சரி' எல்லாம் சரியில்லை என்று உங்களில் ஒருத்தர் எனக்குக் காட்டிக்கொடுத்திருந்தால், அந்த மாத்திரை அட்டையை நான் அப்படி நம்பியிருப்பேனா? இதற்கு எனக்குப் பதில் வேண்டாம். கேட்கவாவது வேண்டும், அதனால் கேட்டுவிட்டேன்.

சேகர் போன் செய்தான். "எந்தக் கேமு சார் போடறது? பாய் கேமுல ஒரு மேடுதான் போயிக்கீது, கோயம்புத்தூர்ல சொன்னா அதே மாரி புச்சு ஒண்ணு வரும். இல்ல உங்களுது போடட்டா?" என்று கேட்டான். ஒரு ராத்திரி யோசித்தேன். வீம்பு என்று நினைத்தாலும் பரவாயில்லை, என் கேமையே போடச் சொன்னேன். இந்தமுறை ஷெட்டை விட்டு நகரவில்லை. இரட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிச் சாதா ஸ்பிரிங் போடவைத்தேன், மெரூன் துணியைப் பிரித்து, கேமை நானே எடுத்துக் கொடுத்தேன். புது டாப்பெட் ஒவ்வொன்றும் குழிக்குள் இறங்கியதைக் குனிந்து பார்த்தேன். கிளப்பியதும் வேகத்தைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான்.

போன ஞாயிறு தனியாக ஓட்டிப் பார்த்தேன். நான் சொன்னது சரிதான். சிக்னலில் துளி குலுங்கல் இல்லை. தி. நகர் நெரிசலில் சொன்னபடி கேட்டது. ஊருக்குள் ஓட்ட இதுதான் சரியான கேம். அடையாறு பாலம் வந்தது. ஏறியது, அவ்வளவுதான். பறக்கவில்லை. பின்னால் வந்த ஆட்டோ ஒன்று என்னை முந்திக்கொண்டு போயிற்று. "பாத்தியாடா, நான் சொன்னதுதான் சரி" என்று பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டுப் பாலம் முடியும்வரை காத்திருந்தேன்.

நாலு நல்ல வார்த்தை கேட்டீர்கள். ஜாஃபர் நல்லவன். யாரையும் காக்கவைக்க மாட்டான். மீன் வாங்கினால் என் பங்கையும் சேர்த்துத்தான் கழுவிக் கொடுப்பான். நான் எவ்வளவு பேசினாலும் முகம் சுளிக்காமல் கேட்டவன் இந்த உலகத்தில் அவன் ஒருத்தன்தான். கேட்டான், ஆனால் கேட்டபடி நடக்கவில்லை. இவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவனுடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ரேஸ் கேம். மழுங்கிய மேட்டோடு அப்படியே, எட்டு டாப்பெட்டையும் கழற்றிய வரிசை மாறாமல் டிரேயில் வைத்து, என் மேஜைமேல் வைத்திருக்கிறேன். மனைவி எடுத்து ஓரமாக வைக்கச் சொல்கிறாள், நான் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் எனக்குச் சொன்ன ஒரே 'மாட்டேன்' அது. அதையும் நான் பார்க்காதபோது சொன்னான். அடேய் ஜாஃபர், அதை ஒரே ஒரு தடவை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் என்னடா? "டாக்டர்கிட்டல்லாம் வர மாட்டேன் போடா" என்று நொச்சிக்குப்பத்தில் நீ சொல்லியிருந்தால், அந்த மீன்கார அம்மா பார்க்கப் பார்க்க உன் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியில் போட்டு, உன் கேம் போட்ட அதே வண்டியில், அடையாறு பாலத்தில் நானே பறந்திருப்பேனேடா. நீ சரி என்றாய். நான் நம்பி வீட்டுக்குப் போய்விட்டேன்.